கோயிலுக்கு அடியில் இருந்த வாசல்

கோட்டைக்குள் குடியிருப்பது சுகமான காரியம் என்று வெளியில் இருப்பவர்கள்தான் நினைத்துக்கொள்கிறார்கள், ஐயா. ரோஷ்வேர் கோட்டைக் கோயிலில் நான் பாதிரிச் சாமியாராக இருந்த காலம் முழுவதும் என் கால் காய்ந்ததே இல்லை. கல் சுவர் வேர்த்துக்கொண்டே இருக்கும். கூடத்தில் மூட்டுகிற நெருப்பின் புகை நம் கண்ணுக்குள்தான் வரும். கழிப்பறை மதிலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அடியில் ஓட்டை, ஓட்டைக்கு அடியில் அகழி. பனிக்காலத்தில் அங்கே உட்கார்ந்து எழுந்தவன் தன் பாவங்களுக்குத் தனியாகத் தவம் செய்ய வேண்டியதில்லை என்று நானே பிரசங்கத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. கோட்டையில் வீண் என்று எதுவும் கிடையாது. அம்பு எய்யும் துளை வெளிப்பக்கம் விரல் அகலம்தான் இருக்கும், உள்பக்கம் ஆள் நிற்கும் அளவுக்கு விரியும். எய்பவனுக்கு இடம் வேண்டும், எதிரிக்குக் குறி கிடைக்கக் கூடாது. கோபுரப் படிகள் வலப்பக்கமாகச் சுற்றி ஏறும். கீழிருந்து வருகிறவன் வாளை ஓங்கினால் கை சுவரில் இடிக்கும். கிணறு நடுக்கோபுரத்தின் வயிற்றுக்குள் இருக்கும். மற்றதெல்லாம் விழுந்தாலும் தண்ணீர் நம்மிடம் மிஞ்ச வேண்டும். இந்த ஒழுங்கு என் புத்திக்குப் பிடித்திருந்தது. உபயோகம் இல்லாததை வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. விரிசல் விட்ட சட்டியைக்கூடத் தூக்கி எறிந்துவிடுவேன் என்று என் தங்கை பெரனெல் கேலி செய்வாள்.

என் கோயில் பெரிய வாசலுக்கு நேர் மேலே இருந்தது. நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், இப்போது இடித்துவிட்டார்கள். கீழே இரண்டு கதவு. உள்ளே மரக் கதவு, அது வாசல்காரன் ராவுலின் பொறுப்பு. வெளியே மேலிருந்து இறங்கும் இரும்புப் பல் கதவு. அதைத் தூக்கிப் பிடிக்கும் சங்கிலி என் கோயில் தரை வழியாக மேலே வந்து, பீடத்துக்குப் பின்னால் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். உருளையை ஒரு மர ஆப்பு தாங்கும். தரையில் சில துளைகளும் உண்டு. வாசலுக்குள் மாட்டிக்கொண்டவன் தலையில் கல்லும் கொதிக்கும் தண்ணீரும் கொட்டுவதற்கு. பூசை நேரத்தில் அவற்றின்மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவோம்.

முற்றுகை அறுவடைக்குப் பிறகு ஆரம்பித்தது. ராஜாவின் படை குன்றைச் சுற்றிப் பள்ளம் தோண்டி உட்கார்ந்துகொண்டது. ஊர்க்காரர்கள் ஆடு, கோழி, கிழவன், கிழவி எல்லோரோடும் உள்ளே வந்துவிட்டார்கள். வருவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. மதிலுக்குக் கல் சுமப்பதும் அகழி தூர் எடுப்பதும் அவர்கள்தான், பதிலுக்கு ஆபத்தில் மதில் அவர்களைக் காக்க வேண்டும். என் தங்கையும் வந்தாள். கணவனை இழந்தவள். பிரசவத்தில் செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தை எமெலினை அவள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடை பழகிய பெண் குழந்தை.

"சாமியண்ணே, ஒங்க கோயில்ல மெழுகுவத்தி இருக்குல்ல?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"இருக்கு. எதுக்கு?"

"கொழுப்புல செஞ்சதுதானே. சூப்புல போட்டுக்கலாம்னு பாத்தேன். சாமி கோவிச்சுக்குமா, நீங்க கோவிச்சுப்பீங்களா?"

"அது தேன்மெழுகுடி, பைத்தியம்."

"அப்ப ரெண்டு பேருக்கும் நல்லதாப் போச்சு."

பசியிலும் அவள் இப்படித்தான் பேசுவாள். அவளைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் அவள் சொல்லுக்கு என் பிரசங்கத்தைவிட மதிப்பு அதிகம். இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, பிறகு நடந்தது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தவக்காலம் பாதி ஆனபோது கோட்டைத் தலைவர் ஜோஸ்லென் என்னைக் கிடங்குக்கு அழைத்துப்போனார். மாவுப் பீப்பாய்கள் பாதிக்குமேல் காலி. மதிலில் நிற்கிறவர்களுக்கு மட்டும் என்றால் கோடை வரை தாங்கும், ஊர்க்காரர்களுக்கும் என்றால் ஈஸ்டர் தாண்டாது. கோட்டைக்குச் சொந்தக்காரரான எங்கள் பிரபு டியூக்கின் உதவிப் படை எப்படியும் கோடைக்குள் வந்துவிடும் என்று அவர் நம்பினார்.

"வெளிய போங்கன்னு சொன்னா போவாங்களா சாமி? வாளக் காட்டித் தொரத்தினா என் ஆளுங்களே எனக்கு எதிரா நிப்பாங்க. பாதிப் பேரு இந்த ஊர்ல பொண்ணு எடுத்தவன்."

அவர் சொன்னது நியாயம். யாரையும் துரத்தாமல், அடிக்காமல், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் அது நடக்க வேண்டும். இரண்டு நாள் ஜெபம் செய்தேன். வழி கிடைத்தது.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று எங்கள் பக்கத்தில் எப்படிச் செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். மக்கள் பச்சைக் கிளைகளை ஏந்திப் பவனியாக வெளியே போவார்கள். பின்னால் கதவு மூடப்படும். மேலே இருந்து பாடகர்கள் ஓர் அடி பாட, வெளியே நிற்பவர்கள் அடுத்த அடி பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் சிலுவை ஏந்தியவர் அதன் அடிக்கட்டையால் மூன்று முறை கதவைத் தட்ட, கதவு திறக்கும். ஆண்டவர் நகரத்துக்குள் நுழைந்தார் என்று அர்த்தம். ரோஷ்வேரில் கோயிலுக்கென்று தனிக் கதவு இல்லாததால் இதைக் கோட்டை வாசலிலேயே செய்வது வழக்கம். அன்று தொடங்கும் பரிசுத்த வாரத்தில் ஆயுதம் எடுப்பதில்லை என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்திருந்தார்கள். எதிரி முகாமிலும் அன்று பூசை. அதனால் பயப்படக் காரணம் இல்லை.

முகாமைத் தாண்டிப் போக ராஜாவின் ஆட்கள் அவர்களை விட்டுவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்றே பதிவு செய்துகொள்ளுங்கள். நான் யாரையும் அனுப்பி விசாரிக்கவில்லை.

ஆனாலும் ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். இந்த வருஷம் முற்றத்துக்குள்ளேயே சுற்றி வரலாமே என்று சில கிழவர்கள் முனகினார்கள். எல்லோரும் பெரனெல் முகத்தைப் பார்த்தார்கள். ஆகவே அவளைக் கூப்பிட்டேன்.

"எனக்குக் கால் வீங்கியிருக்கு. இந்தத் தடவ நான் மேலேருந்து பாடறேன். நீ சிலுவையப் பிடிச்சுக்கோ."

"பொம்பளையா? நானா? ஆயருக்குத் தெரிஞ்சா ஒங்க தலையில மிச்சமிருக்கிற முடியும் போயிடும்ணே."

"முற்றுகைக் காலம். பரவாயில்ல."

அவள் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். கிளை பிடிக்கக் குழந்தைகளும் வேண்டும் என்றேன். பிறகு மனம் கேட்காமல், ஏதாவது கலவரம் ஆனால் ஆற்றுப்பக்கம் இருக்கும் சின்ன வாசலுக்கு வா என்று காதோடு சொன்னேன். மதிலின் பின்பக்கத்தில் ஒரே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு கதவு அது. ஒற்றன் போய்வரக் கட்டியது. ஒரு ஆளை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள ஜோஸ்லெனிடம் அனுமதி வாங்கியிருந்தேன். என் தங்கையை நான் மறக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அன்று நல்ல வெயில். எல்லோரும் போனார்கள். நொண்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மரக் கதவு மூடியது. நான் கோயில் ஜன்னலில் நின்று முதல் அடியைப் பாடினேன், அவர்கள் அகழியின் தூக்குப்பாலத்தின்மேல் நின்று பதில் பாடினார்கள். அவ்வளவு அழகாக அவர்கள் அதற்குமுன் பாடியதில்லை. பசித்த வயிறு குரலை மெலிதாக்கும் போலிருக்கிறது. பெரனெல் மட்டும் வாசலுக்குள் வந்து மரக் கதவை மூன்று முறை தட்டிவிட்டு, வழக்கப்படி பாலத்துக்குப் பின்வாங்கினாள்.

வாசல்காரன் ராவுல் பலவீனமான மனிதன். அவனுடைய அம்மா வெளியே இருந்தாள். திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், தட்டும் சத்தம் கேட்டதும் அவன் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் கோயில் தரையில் இருந்த துளை வழியாக எனக்குக் கேட்டது. அதனால் கூட்டம் வாசலுக்குள் நுழைவதற்குள் பீடத்துக்குப் பின்னால் போய் ஆப்பைக் காலால் உதைத்துத் தள்ளினேன். இரும்புக் கதவு இறங்கியது. வீங்கியிருந்த கால் அது இல்லை. எந்தக் காலும் வீங்கியிருக்கவில்லை.

முதலில் அவர்கள் சிரித்தார்கள். "டேய் ராவுலு, தூங்கிட்டியா?" என்று ஒருவன் கத்தினான். "சங்கிலி அறுந்துபோச்சு போல, பாவம்" என்றாள் இன்னொருத்தி. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துக் கடைசி அடியைத் திரும்பப் பாடினார்கள். இரும்புக் கதவைத் தட்டினார்கள். நான் பதில் அடியைப் பாடவில்லை. கொஞ்சநேரத்தில் மதிலில் வில்லாளிகள் எழுந்து நின்றதும் பாட்டு நின்றது. பாலத்தை விட்டு இறங்கும்படி ஜோஸ்லென் அறிவித்தார். இறங்கினார்கள். பாலம் மேலே ஏறியது.

எதிரிகள் அவர்களை விடவில்லை. அவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தானே. பசித்த வாய்களைக் கோட்டைக்கே திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். சத்தியம் கெடாமல் காலடியில் மட்டும் அம்பு விட்டார்கள். எங்கள் மதிலுக்கும் அவர்கள் பள்ளத்துக்கும் நடுவில் ஊர் முழுவதும் புல்லைத் தின்றுகொண்டு தங்கியது. மழையும் வந்தது. எனக்குத் துக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த வாரம் முழுவதும் நான் அழுதேன். அப்பம் தொண்டையில் இறங்காமல் தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் பகலில் பெரனெல் சின்ன வாசலுக்கு வந்தாள். கதவில் ஒரு சிறிய பார்வைத் துளை உண்டு. அவள் இடுப்பில் எமெலின் இருந்தாள்.

"தெறங்கண்ணே."

"நீ மட்டும் வா."

"இது என்ன, ஆளா? என் பங்குலயே ரெண்டு பேரும் தின்னுக்கறோம்."

"ஒருத்தருக்குத்தான் அனுமதி."

அவள் குழந்தையைத் துளைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பிறகு சொன்னாள், "சரி. அப்ப இவள எடுத்துக்கோங்க. நான் இருந்துக்கறேன்."

இதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஜோஸ்லென் அனுமதித்தது ஓர் ஆளை. யார் என்று அவர் கேட்கவில்லை. எடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெரனெல் உள்ளே வந்தால் துவைப்பாள், காயத்துக்குக் கட்டுப் போடுவாள், மதிலில் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பாள். குழந்தை என்ன செய்யும்? என் தங்கையைச் சாகவிட்டு அந்த இடத்தை ஒரு குழந்தைக்குக் கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? அவளிடம் இதைப் பொறுமையாகவே விளக்கினேன்.

"அண்ணே, சாவி ஒங்க கையிலதான இருக்கு?" என்றாள்.

ஆமாம் என்றேன். மனம் மாறினால் தனியாக வந்து தட்டு என்றும் சொன்னேன். துளையின் மூடியைச் சாத்தினேன். அவள் உள்ளங்கையால் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டினாள், அவ்வளவு மெதுவாக. அதைத் தனியாக வந்து தட்டியதாக எடுத்துக்கொள்ள முடியாது. பரிசுத்த வாரத்தில் கோயில் வேலை அதிகம். அந்தப் பக்கம் பிறகு நான் போகவில்லை.

டியூக்கின் படை வரவே இல்லை. ஈஸ்டருக்குப் பிறகு எதிரிகள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஒரு மூலையைச் சாய்த்துவிட்டார்கள். ஜோஸ்லென் மரியாதையோடு சரணடைந்தார். கிடங்கில் மாவு நிறைய மிச்சம் இருந்தது. ராஜாவின் ஆட்கள் அதை வண்டியில் ஏற்றியதை நான் பார்த்தேன்.

கோட்டையின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட வேண்டும் என்பது சரணடைவின் நிபந்தனை. சின்ன வாசலின் சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் போனேன். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். கடைசியில் இரண்டு வீரர்கள் மதிலைச் சுற்றிப்போய் வெளியிலிருந்து அவளை நகர்த்த வேண்டியிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவளுடைய மேலங்கிக்குள் இருந்தது.

அந்த ஆப்பை உதைத்தது நான். அந்தச் சாவியைத் திருப்பாதது நான். இதற்குமேல் உங்களுக்கு எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், எனக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது ஐயா: மற்றவர்கள் எல்லாம் சிதறிப் போய் எங்கெங்கோ கிடந்தார்கள், என் தங்கை மட்டும் கடைசிவரை என் கதவை விட்டு நகரவில்லை; அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு என்மேல்.