இரண்டு வீட்டுக்கு ஒரு மீட்டர்

அரை வாளித் தண்ணீரில் தலைக்குக் குளிக்கத் தெரிந்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. தபால் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் பார்சல் எடை போட்டவளுக்கு எது கொஞ்சம் கூடினாலும் கண்ணில் பட்டுவிடும், அவ்வளவுதான். பத்துக் கிராம் கூடினால் அடுத்த கட்டணம் என்று எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். என்னைச் சிடுமூஞ்சி என்றவர்கள் உண்டு. பொய்க்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

காவல் நிலையத்தில் நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, தீப்பிடித்த அன்று நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். என் வீட்டு மாடியில் இரண்டு உயிர் போயிருக்கிறது. எழுதத்தான் வேண்டும். ஆனால் தீயிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

அது என் கணவர் கட்டிய வீடு. கீழே நான், மேலே குடித்தனம். தெருவிலிருந்து மாடிக்குப் போக ஒரே படிக்கட்டு, இரண்டு பக்கமும் சுவர், அடியில் இரும்புக் கம்பிக் கதவு. மேல்தொட்டி கிடையாது, தெருக் குழாயின் அழுத்தமே மாடிவரை ஏறும். அவர் எல்லாவற்றையும் யோசித்துக் கட்டினார், தண்ணீர் மீட்டரை மட்டும் ஒன்றோடு நிறுத்திவிட்டார். அவர் போனபின் எனக்கு மிஞ்சியது அந்த வீடும் அந்த மீட்டரும்தான்.

மாடிக்கு வந்தவர் பஸ் ஓட்டுகிறவர். அவரும் மனைவியும் மட்டும். அந்தப் பெண் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது, இன்றைக்கும் பிடிக்கும். அந்தப் பிடித்தத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "தண்ணிக்குத் தனியா எதுவும் தர வேணாம், மொத்தமே நாம மூணு பேரு" என்று சொல்லி, அதை ஒப்பந்தத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், மூன்று வருஷத்துக்கு.

இரண்டாம் வருஷம் பஸ்காரரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, இங்கே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். என்னைக் கேட்டுச் செய்யவில்லை, சொல்லிவிட்டுச் செய்தார்கள். பெரியவர் சாதுவானவர்தான். ஆனால் எழுந்து உட்காரவும் இன்னொருவர் கை வேண்டும். அவருக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை விரிப்பு மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டும், அவரையும் துடைக்க வேண்டும். மருமகள் முகம் கோணாமல் செய்தாள். நான் கீழே வாசலில் நின்று மீட்டரின் முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்க் கட்டணம் படிப்படியாக ஏறும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, மொத்தத்துக்கும் மேல்படிக் கட்டணம். ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அரை வாளியில் குளிக்கிற நான், நீச்சல்குளம் வைத்திருப்பவர்களுக்கு உண்டான படியில் போய் உட்கார்ந்தேன். பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரே பணமாக ஓடுவதை அப்போதுதான் பார்த்தேன்.

இன்னொரு மீட்டர் வேண்டும் என்று குடிநீர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். முதல் ஜன்னலில் இரண்டாம் ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள், இரண்டாம் ஜன்னலில் மாடிக்குப் போகச் சொன்னார்கள், மாடியில் வீட்டு வரைபடம் கேட்டார்கள். வரைபடம் என் கணவரோடு போய்விட்டது. நான்கு மாதம் எனக்குத் தண்ணி காட்டினார்கள். அந்த அலுவலகம் வேறு எதைக் காட்டும். கடைசியில், பாக்கியைக் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று வாசலில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். அதற்குமுன் என் வாசலில் யாரும் நின்று எதையும் படித்ததில்லை. அன்று நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது, ஒப்பந்தம். தண்ணீருக்குத் தனியாகக் கேட்க முடியாது, என் கையெழுத்து. மீட்டரும் வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஆகவே நியாயமான ஒன்றைச் செய்தேன்.

குழாய்க்காரரை வரவழைத்து, மாடிக்குப் போகிற குழாயில் ஒரு வால்வு வைக்கச் சொன்னேன். என் சமையலறையில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில். "என்னம்மா, மாடிக்குத் தடா போடுறீங்களா?" என்று சிரித்தார். "அளவு வைக்கிறேன்" என்றேன். காலையில் அரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அரை மணி நேரம் குளிக்கவும் சமைக்கவும் சரியாக இருக்கும். துவைப்பதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். மாடிக்காரியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் சிவப்புத் தாளைப் பார்த்திருந்தாள். "சரிக்கா, பாத்துக்கறேன்" என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் துவைத்த துணி இரவில் காயாது. அவள் மறுநாள் காலையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைப்பாள் என்று எனக்குத் தெரியும். அது மின்சாரம். மின்சாரத்துக்கு அவர்களுக்குத் தனி மீட்டர் உண்டு.

அந்த மாதம் யூனிட் குறையவில்லை. மேலே ஒரு நீல டிரம் வாங்கி, திறந்துவிடுகிற நேரத்தில் நிரப்பிவைத்துக்கொண்டார்கள். கொத்தனாரை அழைத்துப் போய், அந்தக் கனத்தைத் தளம் தாங்குமா என்று கேட்டேன். "யானையே நிக்கலாம்மா" என்றார். நான் மாடிக்காரியிடம், தளம் விரிசல் விடும் என்று கொத்தனார் சொல்கிறார் என்றேன். முதல் பத்தியில் எழுதியதை இந்த இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். டிரம் போயிற்று.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இளகிய மனசு. அவர் தன் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொல்ல, இவள் குடம் குடமாகப் படியேற்ற ஆரம்பித்தாள். படியெல்லாம் ஈரம். நான் வழுக்கி விழவில்லை, விழுந்திருக்கலாம். அதனால் படிக்கட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். வெளியே போக வேண்டுமென்றால் கூப்பிட்டால் போதும், வந்து திறப்பேன். பஸ்காரர் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புவார். ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் எழுந்து திறந்துவிட்டிருக்கிறேன். பூட்டோடு மூன்று சாவி வந்தது. மூன்றையும் நானே வைத்துக்கொண்டேன்.

தையல்காரம்மா வீட்டுத் தண்ணீர் என் மீட்டரில் ஓடாதே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு குடமும் தெரு வழியாக வரும்போது, என்னைப் பற்றிய பேச்சும் கூடவே வந்தது. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு நாள் பஸ்காரர் சீருடையோடு வந்து நின்றார். "அக்கா, நாங்க காலி பண்ணிடறோம். அப்பாவப் படியேத்த வேண்டாத மாதிரி ஒரு கீழ்வீடு கிடைக்கணும். படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காருன்னா யாரும் தர மாட்டேங்கறாங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்குங்க" என்றார். பொறுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் என்னிடமும் நான் அவர்களிடமும் மாட்டிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

தினமும் பதினோரு மணி வாக்கில் பெரியவர் விரிப்பை நனைத்துவிடுவார். மாடிக்காரி படியின் உச்சியில் நின்று, "அக்கா, ஒரு வாளி தண்ணி மட்டும் விடுங்க" என்று கூப்பிடுவாள். முதல் வாரம் பதில் சொன்னேன். பிறகு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்ளப் பழகினேன். முப்பத்தேழு நாள் கூப்பிட்டாள். குரல் ஒரு நாளும் உயர்ந்ததில்லை.

இனி நீங்கள் கேட்ட அந்த நாள். செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. அவள் ஈர விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெரியவர் கூப்பிட்டிருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். காய்ந்தும் காயாததுமாகத் துணி தொங்கிய அறை அது, ஜன்னலெல்லாம் கம்பி. இதெல்லாம் தீயணைப்புக்காரர்கள் பிறகு சொல்லித் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, ரேடியோவுக்கு மேலே அவள் கூப்பிட்ட சத்தம். வழக்கம்போலத் தண்ணிக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் அன்று குரலில் ஏதோ இருந்தது. குனிந்து வால்வைத் திறந்தேன். நேரம் தவறித் திறந்தது அதுதான் முதல் தடவை. பாதியோ கால்வாசியோ இல்லை, முழுக்கத் திறந்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன் என்று தெருவில் சொல்கிறார்கள், அது உண்மையில்லை.

பிறகு தையல்காரம்மா ஓடி வந்தார். தெருவில் போன இரண்டு ஆண்கள் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினார்கள். நான் உள்ளே இருந்தேன். வெல்டிங் பட்டறையிலிருந்து கடப்பாரை வந்து பூட்டு உடைபடப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. பெரியவரைக் கட்டிலிலிருந்து இறக்கி, விரிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு, அவள் நடு அறை வாசல்வரை வந்திருந்தாள். தீ அங்கே வரவேயில்லையாம். புகைதான். அவள் உடம்பில் ஒரு காயம்கூட இல்லை என்றார்கள்.

இதுவரை எழுதியதை நேற்றே உங்களிடம் வாயால் சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மேலே ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லையே, தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டவள் ஏன் குழாயைத் திறக்கவில்லை என்றீர்கள். இரவெல்லாம் அதற்குப் பதில் தேடினேன். தேடுவதுபோல் எனக்கு நானே நடித்தேன் என்பதுதான் சரி. எனக்கு அது அப்போதே தெரியும். வால்வைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

வாசலிலிருந்து பார்த்தால் படிக்கட்டுக் கதவு நான்கு அடி தூரம். அவள் அங்கேதான் நின்றாள். வெறுங்காலோடு இறங்கி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புகை அவளுக்குப் பின்னால் படியில் இறங்கிக்கொண்டிருந்தது, என் மூக்கிலும் ஏறியது. கத்தினாள் என்று நேற்று சொன்னேன். இல்லை. என்றைக்கும்போல மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, சாவி குடுங்க. மாமாவ என்னால ஒருத்தியாத் தூக்க முடியல. யாரையாச்சும் மேல வரச் சொல்லுங்க."

மூன்று சாவியும் என் இடுப்பில் இருந்தன. கதவைத் திறந்தால் தெருவே மேலே ஏறும், காய்ந்த குழாய்களையும் பெரியவர் கிடக்கிற கிடையையும் பார்க்கும், இந்தப் பூட்டை யார் போட்டது என்று கேட்கும். அதைத்தான் நினைத்தேன். அவள் உயிரைப் பற்றி நினைக்கவில்லை.

"தண்ணி தொறந்து விட்டிருக்கேன், மேல போய்ப் பிடி" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். என் பேச்சை ஒரு நாளும் தட்டாத பெண். திரும்பி மேலே போனாள்.