ஸ்ரீவத்சனின் தண்ணீர் மாத்திரைகள்

பூனாவில் எதைக் குறை சொன்னாலும் குடிதண்ணீரைச் சொல்ல முடியாது. கசார்வாடி வீட்டில் இருபது வருஷம் குழாய்த் தண்ணீர்தான் குடித்தோம். என் தம்பி ஸ்ரீவத்சன் ஒரு நாள்கூட வயிற்றுவலி என்று படுத்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்தொன்பது. நான்தான் வளர்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் அவனுக்கு வைஷாலி பழக்கமானாள். தளேகாவ் ஃபாக்டரியில் கூட வேலை பார்த்த மராத்திப் பெண். நல்ல பெண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் முதுகில் பையோடு ஏதாவது மலைக்கோட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். மலைமேல் குடிக்கப் பாறைத் தொட்டியில் தேங்கிய மழைத் தண்ணீர்தான். துணியில் வடிகட்டி, பாட்டிலுக்கு ஒரு குளோரின் மாத்திரை போட்டு, அரை மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில்களை, கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டுப் போவான்.

எனக்குத் தாங்கவில்லை. பத்து வயதில் அம்மை போட்டபோது மூன்று வாரம் என் புடவைத் தலைப்பை விடாதவன் அவன். மறுபடி அப்படி ஒரு வாரம் படுத்தால் மலையும் வேண்டாம், அவளும் வேண்டாம் என்றாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரம்தான் கேட்டேன்.

ராஜ்கட் கோட்டைக்குப் போவதற்கு முதல் நாள், அவன் குளிக்கப் போனபோது, டப்பாவிலிருந்த மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினேன். ஹோமியோபதிக் கடையில் மருந்து சேர்க்காத சர்க்கரை மாத்திரை கிடைக்கும். அதைப் போட்டு மூடினேன். டப்பாவில் குளோரின் வாசனை ஒட்டியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வைஷாலிக்கு நாலு நாள் காய்ச்சலோடு போயிற்று. அவனுக்கு மூன்று வாரம் கழித்துக் கண் மஞ்சளித்தது. தண்ணீரால் வந்த காமாலை, ஈரலைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். கடைசிவரை என் கையால்தான் கஞ்சி குடித்தான். பதினோராம் நாள் போய்விட்டான். நான் அழாத நாளில்லை.

வைஷாலி இன்னும் வருகிறாள். போன வெள்ளிக்கிழமை என் மடியில் தலை வைத்து, அவன் கற்றுக்கொடுத்த தமிழில் சொன்னாள்: "அக்கா, அவன் தாகம் சொன்னான். அரை மணி ஆகலை, இருபது நிமிஷத்துல குடுத்தேன். நான்தான் கொன்னேன்."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நான் உன்னை மன்னிச்சுட்டேம்மா," என்றேன்.

மனதார மன்னித்துத்தான் சொன்னேன்.