வேலியோரத்துக் குழந்தை இயேசு

டிம்ப்னா: ...அசையாதடி ப்ரீஜ்! ஊசி முதுகுல ஏறினா என்னைக் குத்தம் சொல்லாத.

ப்ரீஜ்: ஜன்னலைப் பாத்துக்கிட்டே தைச்சா ஏறாம என்ன செய்யும்? கல்யாணப் பொண்ணு நான். நீ எதுக்குக்கா கடலையே பாக்கறே?

டிம்ப்னா: மேல்காத்து அடிக்குது. மழை சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுது. ஃபெஸ்டி இன்னைக்குப் படகை எடுக்க மாட்டான்.

ப்ரீஜ்: எடுப்பான். அயர்லாந்துல மழைக்குப் பயந்தா எவளுக்கும் கல்யாணமே ஆகாது.

டிம்ப்னா: எடுக்கலைன்னா மாப்பிள்ளை கோல்மனும் அக்கரையில, ஃபாதர் மலாக்கியும் அக்கரையில. நீ மட்டும் இந்தத் தீவுல, வெள்ளை கவுனோட, வேக வெச்ச பன்னிக்கறியோட...

ப்ரீஜ்: அதை ஏன் இவ்வளவு சந்தோஷமாச் சொல்றே?

டிம்ப்னா: யாரு, நானா? கறி வீணாப் போகுமேன்னு கவலைப்படறேன்.

ப்ரீஜ்: அம்பது தாண்டி ஒரு கல்யாணம். தவக்காலம் முடியட்டும்னு ஃபாதர் சொன்னார், முடிஞ்சுது. ஈஸ்டர் ஆகட்டும்னு நீ சொன்னே, ஆச்சு. இப்ப மழையா?

டிம்ப்னா: ஒரு நாள் தள்ளிப் போனா கோல்மனுக்கு இருக்கிற நாலு முடியும் கொட்டிடுமா?

ப்ரீஜ்: ரொட்டி சுடறவருக்கு முடி எதுக்கு?

டிம்ப்னா: அதுவும் சரிதான். மாவுல விழாது.

ப்ரீஜ்: அக்கா!

டிம்ப்னா: சரி, சரி... குழந்தை இயேசு சுரூபத்தை நேத்து வெளிய வெச்சியா, இல்லையா? முதல் நாள் சாயங்காலம் வேலியோரம் வெச்சா கல்யாணத்தன்னைக்கு வெயில் அடிக்கும். அம்மா கல்யாணத்துக்கு இதே சுரூபத்தைத்தான் வெச்சாங்க.

ப்ரீஜ்: ...வெச்சேனே.

டிம்ப்னா: எங்க?

ப்ரீஜ்: வேலியோரம்தான். பின்னே, கோழிக் கூண்டுலயா வைப்பாங்க?

டிம்ப்னா: அப்புறம் ஏன் இந்தக் கொட்டு கொட்டுது?

ப்ரீஜ்: அவருக்கு வேற வேலை இருக்காதா? ஒரு முழம் சுண்ணாம்புப் பொம்மை...

டிம்ப்னா: வாயைக் கழுவு! பொம்மையாம்.

ப்ரீஜ்: சுரூபம், சுரூபம். கானாவூர்க் கல்யாணத்துக்கு அவரே நேர்ல போனாரே, அன்னைக்கு மழையா வெயிலான்னு பைபிள்ல யோவான் ஒரு வரி எழுதினாரா? திராட்சை ரசத்தைப் பத்தித்தானே எழுதினார்.

டிம்ப்னா: ரசம் தீர்ந்ததைக் கவனிச்சது அவரோட அம்மா. எந்தக் கல்யாணமா இருந்தாலும் சமையக்கட்டைப் பாக்க ஒருத்தி வேணும். திரும்பு.

ப்ரீஜ்: தைச்சதையே ஏன்க்கா பிரிக்கிறே?

டிம்ப்னா: தையல் கோணிப் போச்சு.

ப்ரீஜ்: நேராத்தானே இருந்துது?

டிம்ப்னா: ...ப்ரீஜ், ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது.

ப்ரீஜ்: முதல்ல ஊசியைக் கீழ வை. ம், சொல்லு.

டிம்ப்னா: நேத்து நீ படுத்தப்புறம் நான் வேலிப் பக்கம் போனேன்.

ப்ரீஜ்: எதுக்கு?

டிம்ப்னா: சுரூபத்தை உள்ள தூக்கிட்டு வர.

ப்ரீஜ்: மழை பெய்யட்டும்னா?

டிம்ப்னா: ஒரே ஒரு நாளைக்கு! கல்யாணம் நிக்கணும்னு இல்லடி, மாதா சத்தியமா. இனிமே காலையில ஒரு கோப்பை டீ மட்டும் போடணுமேன்னு நினைச்சேன்... கால் தன்னால நடந்துடுச்சு.

ப்ரீஜ்: அடிப்பாவி அக்கா! செபமாலை சொன்ன கையோடவா?

டிம்ப்னா: சிரிக்கிறியா நீ?

ப்ரீஜ்: எங்களோட அக்கரைக்கே வந்துடுன்னு கோல்மன் எத்தனை தடவை கூப்பிட்டார்?

டிம்ப்னா: புதுசாக் கட்டிக்கிட்டவங்க வீட்டுல நான் எதுக்கு, கறியில எலும்பு மாதிரி? கோழிகளை யார் பாக்கறது?

ப்ரீஜ்: கோழியைச் சொல்லியே தப்பிச்சுடு... அப்புறம்? சுரூபத்தைத் தூக்கினியா?

டிம்ப்னா: அங்க அவர் இல்லையே! வேலி முழுக்கத் தடவிப் பாத்தேன். கையில முள்ளு ஏறினதுதான் மிச்சம்.

ப்ரீஜ்: ...அப்படியா.

டிம்ப்னா: என் எண்ணம் தெரிஞ்சு கிளம்பிட்டாரோன்னு பயந்துட்டேன். அந்த ஈரத்துலயே மண்டி போட்டேன். மழை கேக்கப் போனவ நான். வாயில என்ன வருது தெரியுமா? 'அவளை நல்லா வெச்சுக்கோ, படகைப் பத்திரமா இக்கரை சேத்துடு'ன்னு வருது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

ப்ரீஜ்: அக்கா...

டிம்ப்னா: அழாத, பவுடர் கரையும். உன் கல்யாணத்தன்னைக்கு நீ... இரு. அது என்ன சத்தம்?

ப்ரீஜ்: ஊதல்! ஃபெஸ்டி படகோட ஊதல்!

டிம்ப்னா: இந்தக் காத்துலயா? நகரு, நகரு... அட ஆமா! ஃபாதர் குடையைப் பிடிச்சிருக்காரா, குடை அவரை இழுத்துட்டுப் போகுதான்னு தெரியல. பக்கத்துல ஒரு மொட்டைத் தலை கடல் பக்கம் தொங்குது.

ப்ரீஜ்: ஐயோ, கோல்மன்! வாந்தி எடுக்கறார் பாவம்.

டிம்ப்னா: வாந்தி எடுத்துக்கிட்டே வர்றார்னா நல்ல மனுஷன்தான். ம், கிளம்பு! ஷூவை மாட்டு. முக்காட்டுத் துணி எங்க?

ப்ரீஜ்: அலமாரியில... நீ போகாத! நானே எடுத்துக்கறேன்.

டிம்ப்னா: கவுன் தரையில புரளும், அங்கயே நில்லு... என்னடி இது, துணிக்குள்ள கனமா? அடியே... இவர் இங்க எப்படி வந்தார்? வேலியோரம் வெச்சேன்னியே!

ப்ரீஜ்: வாசப்படி வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்க்கா. அதுக்கு மேல கால் நகரல... மழைதான் வரட்டுமே, இன்னும் ஒரு நாள் உன்கூட இருந்துக்கலாமேன்னு திரும்பிட்டேன்.