செல்லோ வாசிக்கிற கை

— எழுந்திரிக்காத மித்ரா, உக்காரு. உள்ள ஒருத்தர் போயிருக்காரு, அவருக்கு அப்புறம் ஒரு அம்மா. அவ்ளோதான், அடுத்து நாமதான்.

— அண்ணா, கீழ போயி ஒரு காபி குடிச்சிட்டு வரலாம் வா. உங்கிட்ட ஒண்ணு பேசணும்.

— இங்கயே பேசு. கை டாக்டருங்கள்ல இவருதான் பெரிய ஆளு. அப்பாயின்ட்மென்ட்டுக்கு மாசக்கணக்குல காத்துக்கினு இருக்காங்க. இந்த ஆஸ்பத்திரி ஏசியெல்லாம் ரிப்பேர் பண்றது நான்தான், ஏசி தினேஷ்னா இங்க எல்லாருக்கும் தெரியும், அந்த முகத்துக்காவ நடுவுல சொருகி வுட்டாங்க. காபிக்குப் போயி நம்பர வுட்டா, திரும்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேப்பேன்?

— நீ ஏன்ணா கேட்ட? நான் கேக்கச் சொன்னேனா?

— நீ இன்னாத்த கேப்ப! கை வலிக்குது, இனிமே செல்லோ வாசிக்க முடியாதுன்னு பெட்டியத் தூக்கிக்கினு வந்து நின்ன. அன்னிலேர்ந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்க. வீட்ல ஒழுங்கா அடுப்பு எரியல. நான் மட்டும் சும்னே இருக்கணுமா?

— அம்மா எண்ணெய் தேய்ச்சு விடறாங்கல்ல. போதும்.

— அது அம்மாவோட முட்டிக்கு வாங்கின எண்ணெய்! அத போயி உன் விரலுக்குத் தேய்ச்சிக்கினு… அங்க பாரு, அந்த செவுத்துல ஒரு போட்டோ. ஷட்டில் ஆடுற பொண்ணு. மணிக்கட்டு போச்சு, ஆய்த்து, இனிமே ஆட முடியாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்களாம். இவரு பாத்தாரு. இப்ப திரும்ப ஆடுது. ஸ்டேட் லெவலு.

— பாத்தேன்ணா.

— அது பக்கத்துல உன் போட்டோ வரும். செல்லோவோட.

— செல்லோவ மியூசிக் ஸ்கூல்லயே திருப்பிக் குடுத்துட்டேன். அது அவங்களோடது.

— கை சரியானா திரும்பக் குடுக்கறாங்க. ரெண்டாவது வருஷம் இன்னும் ஆரம்பிக்கலல்ல? கொஞ்சம் லேட்டா வரேன்னு சொல்லு. அந்த ஹங்கேரிக்கார மேடம் உன் மேல உசுரா இருந்தாங்கல்ல, அவங்ககிட்ட நான் வேணா பேசறேன். எனக்கு வர்ற இங்கிலீஷ்ல.

— வேணாம். நீ யாருகிட்டயும் பேசாத.

— ஏய், ஏன் இப்டி எரிஞ்சி விழற? நாடு முழுக்கத் தேடி கொஞ்சூண்டு பசங்களதான் அந்தப் படிப்புக்கு எடுக்கறாங்க. எல்லாம் பெரிய வீட்டுப் பசங்க, வீட்லயே பியானோ வெச்சிருக்கறவங்க. பிரேசர் டவுன் சர்ச் ஹால்ல ஃப்ரீ கிளாஸ்ல கத்துக்கினு போனது நீ ஒருத்திதான். அத வுட்டுட முடியுமா? ஞாபகம் இருக்கா, செல்லோ பெட்டிய ஆட்டோல வெச்சிக்கினு போறப்ப போலீஸ்காரன் நிறுத்தினானே, உள்ள இன்னா பொணமான்னு?

— இருக்கு.

— பெரிய வயலின் சார், உக்காந்துதான் வாசிக்கணும்னு சொன்னேன். நம்பல. பிளாட்பாரத்துல உன்ன உக்கார வெச்சி வாசிக்கச் சொன்னான். நீ வாசிச்ச. சிக்னல் வுட்டும் ஒரு வண்டி நகரல.

— நகந்துச்சுண்ணா. ஹார்ன் அடிச்சாங்க.

— உனக்கு ஹார்ன்தான் கேக்கும். இரு, அம்மா போன். ஹான் மா… இல்லமா, இன்னும் கூப்புடல… நல்லாத்தான் இருக்கா, பக்கத்துலதான்… இட்லி தின்னா… டாக்டர் பாத்ததும் நானே பண்றேன், நீ வேலையப் பாரு… அழாதமா, கைதானே, உசுரா போச்சு? வெக்கறேன்.

— என்ன சொன்னாங்க?

— ஞாயித்துக்கிழம நம்ம புத்த விஹாரத்துல உன் கைக்காவ எல்லாரும் கண்ண மூடி உக்காந்தாங்களாம். பச்சைமுத்து தாத்தா பேசினாராம். புத்தருக்கு முன்னாடி வாசிச்ச கை, அதுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு.

— ஐயோ.

— இன்னா ஐயோ? நல்லதுதானே செய்யறாங்க. பயப்படாத, உள்ள ஒண்ணும் பெருசா இருக்காது. விரல்ல சின்ன ஊசி வெச்சி மிஷின்ல பாப்பாங்களாம். எந்த நரம்பு மக்கர் பண்ணுதுன்னு அப்டியே காட்டிடுமாம்.

— மிஷின்லாம் வேணாம்ணா. போலாம் வா.

— எறும்பு கடிக்கற மாதிரிதான் இருக்குமாம்.

— வலிக்காக சொல்லல. கையில ஒண்ணும் இல்ல.

— அத டாக்டர் சொல்லட்டும்.

— நான் சொல்றேன். இங்க பாரு. மடக்கறேன். விரிக்கறேன். ஒவ்வொரு விரலா தனியா தூக்கறேன், பாத்தியா? வலி இல்ல. எப்பவுமே இல்ல.

— அப்போ?

— என்னை ரெண்டாவது வருஷத்துக்கு எடுக்கல.

— இன்னாது?

— மொத வருஷக் கடைசியில எல்லா டீச்சர் முன்னாடியும் வாசிக்கணும். அத வெச்சுதான் ரெண்டாவது வருஷம். வாசிச்சேன். மறுநாள் மேடம் கூப்பிட்டாங்க. கதவ சாத்தினாங்க. தண்ணி ஊத்திக் குடுத்தாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு.

— வாசிக்கறப்ப எங்கனா தப்பு வந்துடுச்சா?

— ஒரு தப்பும் வரல. அதான்ணா. என் வாழ்க்கையிலயே நான் நல்லா வாசிச்சது அன்னிக்குத்தான்.

— அப்புறம் இன்னாதான் குறையாம் அந்தம்மாவுக்கு?

— “எல்லாமே சரியா வாசிக்கற சங்கமித்ரா. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு ஒண்ணும் வந்து சேரல”ன்னாங்க. திட்டல. என் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி.

— மித்ரா. என்னப் பாரு. நாம யாருன்னு அங்க தெரிஞ்சிக்கினாங்களா? விஹாரம், அம்மா வேல, அப்பா பேரு… யாரானா நோண்டினாங்களா? பயப்படாம சொல்லு. வக்கீல் வெங்கடகிருஷ்ணன் சார் வீட்டு ஏசி நம்மதுதான். இன்னிக்கே போலாம்.

— இல்லண்ணா.

— மூஞ்சிக்கு நேரா கேக்க மாட்டாங்க.

— எப்படிக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? காலேஜ்ல கேட்டாங்க, ஒரு கல்யாணக் கச்சேரில சாப்பாட்டு இடத்துல கேட்டாங்க. அங்க யாரும் கேக்கல. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். சண்ட போட்டிருக்கலாம்.

— அந்தம்மா ஒருத்தி சொன்னா ஆச்சா? இன்னொருத்தருக்குப் புடிக்கலாம்ல.

— மேடம் சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரியும். பக்கத்து ரூம்ல கிரண்னு ஒருத்தன், என்னவிட சின்னவன். நேரத்துக்கு எழுந்திருக்க மாட்டான், பிராக்டிஸ் பண்ண மாட்டான், எப்பப் பாத்தாலும் திட்டு வாங்குவான். ஒருநாள் போன் சார்ஜர் கேட்டு என் ரூமுக்கு வந்தான். நான் மாசக்கணக்கா போராடிக்கிட்டிருந்த பீஸ், ஸ்டாண்ட்ல இருந்துச்சு. சும்மா வாசிச்சுப் பாக்கட்டுமான்னு என் செல்லோவ எடுத்தான்.

— வாசிச்சானா?

— அங்கங்க தப்பு விட்டான். அத அவன் கண்டுக்கவே இல்ல. நான் கதவப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அது என் செல்லோண்ணா. அதுக்குள்ள அப்படி ஒரு சத்தம் இருக்குன்னே எனக்குத் தெரியல. வாசிச்சு முடிச்சிட்டு சார்ஜர் எங்கன்னு கேட்டான்.

— அவன் சின்ன வயசுலேர்ந்து கத்துக்கினு இருப்பான். நீயும் இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணா…

— பண்ணேனே. காலையில பிராக்டிஸ் ரூம் தொறக்கறது நான்தான். வாட்ச்மேன் சாவியவே எங்கிட்ட குடுத்துட்டாரு. அதுக்கு மேல எங்க போயி பண்றது? எதச் செஞ்சா அது வரும்னு யாராவது சொன்னா செய்ய மாட்டேனா?

— எதுக்குக் கைன்னு சொன்ன? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.

— அம்மா வாசல்லயே பெட்டிய வாங்கினாங்க. எங்கடி செல்லோன்னு கேட்டாங்க. வாயில அதான் வந்துச்சு. கைன்னு சொன்னா அதோட விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். நீ லீவு போட்டு டாக்டரத் தேடுவ, அவங்க விஹாரத்துல எல்லாரையும் உக்கார வெப்பாங்கன்னு நெனக்கல. நீங்க எண்ணெயும் ஊசியும் கொண்டு வரவர எனக்கு மூச்சு முட்டுதுண்ணா. சரியாகறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல.

— அழாத. எதிர்ல உக்காந்திருக்கற அம்மா பாக்குது.

— போலாம் வா. வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்.

— உக்காரு.

— இன்னும் எதுக்கு?

— உக்காருன்றேன்ல. அந்தம்மா உள்ள போவுது, அடுத்து நாமதான். நீ போனப்புறம் நம்ம தெருப் பசங்க எத்தினி பேரு அந்தச் சர்ச் ஹாலுக்குப் போவுதுன்னு பாத்தியா? லாரி ஓட்டற ஷங்கர் பொண்ணு அனுஷா, முட்டிக்கு நடுவுல தண்ணி கேன வெச்சிக்கினு ஸ்கேலால தேய்க்குது. இன்னா பாப்பான்னு கேட்டா, மித்ராக்கான்னு சொல்லுது. போன வாரம்தான் அதுக்குக் குட்டி செல்லோ ஒண்ணு குடுத்தாங்க.

— அதுக்கும் இதுக்கும் என்னண்ணா?

— கை போச்சுன்னா, பாவம், நேரம் சரியில்லன்னு சொல்லுவாங்க. உனக்கு வரலன்னு அங்க சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா இன்னா சொல்லுவாங்க? நம்மளுக்கெல்லாம் எதுக்கு இந்த வேலன்னு ஷங்கர் நாளைக்கே அத நிறுத்திடுவான்.

— நம்மளுக்கு வரலன்னு யாரும் சொல்லல. எனக்கு வரல. எனக்கு மட்டும்.

— அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெருவுக்கு?

— அம்மாவுக்கு?

— அம்மாவுக்கும் கைதான்.

— டாக்டர் பாத்தா ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுவாருண்ணா.

— சொல்லட்டும். நீ வலிக்குதுன்னு சொல்லு. வலி எந்த மிஷின்ல தெரியும்? ஒரு பெல்ட் மாட்டி வுடுவாரு. மாட்டிக்கினு வீட்டுக்கு வா.

— எத்தன நாளைக்கு?

— தெரியல.

— காலம் பூராவா? விஹாரத்துல ஒவ்வொருத்தரா வந்து என் கையத் தொட்டுப் பாப்பாங்கண்ணா.

— தெரியலன்னு சொல்றேன்ல மித்ரா. எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

— சங்கமித்ரா! யாரும்மா சங்கமித்ரா? வாங்க, உள்ள வாங்க.

— இங்க சிஸ்டர். என் தங்கச்சிதான். செல்லோ வாசிக்கறவங்க.

— எந்தக் கைம்மா?

— சொல்லு மித்ரா. சிஸ்டர் கேக்கறாங்கல்ல.

— இடது கை.