கோடு சிவக்கும்வரை

இன்ஸ்பெக்டர் ஐயா, ஆன்லைன் விளையாட்டில் ஹீலராக இருப்பவர்களை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மற்றவர்கள் சண்டை போடுவார்கள், நாங்கள் பின்னால் நின்று அவர்கள் உயிரைப் பார்த்துக்கொள்வோம்.

அதில் இரண்டு வகை உண்டு. அடி விழும் முன்பே கவசம் போட்டுவிடுவது ஒன்று. அடி விழட்டும் என்று பொறுத்திருந்து, உயிர் ஊசலாடும்போது மீட்பது இன்னொன்று. இரண்டு வருடம் நான் கவசம்தான் போட்டேன். முன்னால் நின்று அடி வாங்குகிறவன் என் அண்ணன். அவன் மேல் ஒரு கீறல் விழவிட்டதில்லை. "இது சும்மா நின்னு வேடிக்கை பாக்குது" என்று குழு முழுக்கக் கேட்கும்படி சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வகையை மாற்றினேன். திரையில் அவன் தலைக்கு மேல் ஓடும், மிச்ச உயிரைக் காட்டும் பச்சைக் கோடு சிவந்து, மயிரிழை மிஞ்சும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பேன். பிறகு ஒரே தட்டு. குழுவே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. செய்த வேலை என்னவோ முன்பைவிடக் குறைவுதான்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. மேசையில் இன்ஹேலரை வைப்பதும், தீரும் முன் மாற்றுவதும் என் பொறுப்பு. அதை ஒரு வேலையாக யாரும் நினைத்ததில்லை. ஒருநாள் வைக்க மறந்துவிட்டேன். அது நிஜமாகவே மறதி, அதை மட்டும் நம்புங்கள். ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூச்சு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா இன்னிக்கு நான் போயிருப்பேன்" என்றான். கேலி இல்லாமல் அவன் என்னிடம் பேசியது அன்றுதான்.

அதன்பின் நான்கு முறை மறந்தேன்.

ஐந்தாவது முறை நல்ல பகல். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலி தரையில் உரசுவது கேட்டது. நான் அடுப்படியில் நின்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கணித்துக்கொண்டிருந்தேன். மனிதர் தலைக்கு மேல் கோடு ஓடாது என்று எனக்குத் தெரியாதா என்ன. நான்கு முறை சரியாக வந்ததில் தலைக்கனம். போய்ப் பார்த்தபோது உதடு நீலமாகியிருந்தது.

தேடி எடுக்கத் தாமதமாகிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். தேடவே இல்லை. அது என் உள்ளங்கையில்தான் இருந்தது. நான்தான் அவனைக் கொன்றேன். அம்மாவோ வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், எம்பொண்ணு எப்படி ஓடுச்சு" என்று சொல்லி அழுகிறாள். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

அழுது அழுது காலையிலிருந்து அவளுக்கும் மூச்சு இரைக்கிறது. அவளுக்கும் அதே நோய்தான். இதோ அவளுடைய இன்ஹேலர். உங்களிடம் எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கையோடு கொண்டு வந்துவிட்டேன், மறதிதான். வீட்டில் தனியாக இருக்கிறாள். இப்போது கிளம்பினால் நேரம் சரியாக இருக்கும், ஐயா. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.