மெல்ல மெலிந்தவள்

கஞ்சியை அடிபிடிக்க விடாமல் காய்ச்ச எனக்குத் தெரியும். என் மனைவி இன்பமலருக்கு ஒருநாளும் கருகிய கஞ்சி கொடுத்ததில்லை. வாக்குமூலத்தில் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

பாரிசவாதம் வந்து அவளுக்கு வலப்பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. ஆமென்பதற்குச் சொல்லும் 'ஓம்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. எதைக் கேட்டாலும் ஓம்.

நான் இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில், பன்றி வெட்டும் தொழிற்சாலையில் தூக்கித் தூக்கியே முதுகை முடித்தவன். கட்டிலிலிருந்து கதிரைக்கு அவளைத் தூக்கும்போது ஒருமுறை இருவருமாக விழுந்தோம். உன்னால் தூக்க முடியாவிட்டால் முதியோர் இல்லத்தில் விடலாம் என்று கொம்மூன என்கிற நகரசபையில் சொன்னார்கள். அங்கே அவளுடைய ஒரு சொல் யாருக்கு விளங்கும்? வீட்டுக்கே தூக்கும் இயந்திரம் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்றேன். கொளுக்கியில் மாட்டித் தூக்குவது பன்றியைத்தான்.

வீட்டுக்கு வந்த தாதி, ஆள் கொஞ்சம் மெலிந்தால் உனக்குச் சுகம், ஆனால் கெதியாகக் குறைப்பது கூடாது, மெல்ல மெல்லத்தான் குறைய வேண்டும் என்றாள். நியாயமான பேச்சு. மெல்லவே குறைத்தேன். முதலில் இரவுச் சாப்பாடு. பிறகு பால். பிறகு கஞ்சியில் தண்ணீர் கூடியது. கேட்காமல் எதையும் நிறுத்தவில்லை.

"இன்பம், போதுமே?"

"ஓம்."

தாதியை இனி வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

வன்னியில் சண்டை முடிகிற நேரம் அது. அவளுடைய தம்பி தவராஜா உள்ளே அகப்பட்டிருந்தான். அங்குள்ள சனத்துக்காக எங்கள் சபையில் உபவாசம் இருந்தார்கள். ஜெபக்கூட்டத்துச் செல்வமலர் வந்தவள் திகைத்து நின்றாள்.

"என்னண்ணை, அக்கா இப்பிடி உருகிப்போனா?"

"தம்பிக்காக உபவாசம், பிள்ளை."

"மெய்யே அக்கா?"

"ஓம்."

செல்வமலர் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த ஞாயிறு சபையில் எழும்பிச் சாட்சியும் சொன்னாள்.

சண்டை முடிந்தபின் முகாமிலிருந்து தவராஜா யாரோ ஒருவருடைய போனில் களவாக எங்களுக்கு அழைப்பு எடுத்தான். பங்கருக்குள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்டானாம். கெதியாக மெலிந்தால் அப்படித்தான் வருத்தும் என்று நினைத்தேன். இவளுக்கு அந்த வருத்தம் வைக்கவில்லை. போனை அவள் காதில் பிடித்தேன்.

"அக்கா, சாப்பிட்டிட்டியளே?" என்றான்.

"ஓம்."

சொல்லும்போது அவளுடைய இடது கை என் சட்டையைப் பற்றியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு அவளை ஒற்றைக் கையால் தூக்கி ஜன்னலருகே இருத்தினேன். முதுகு நோகவே இல்லை. அந்தக் கிழமைக்குள் அடங்கிப்போனாள்.

பட்டினி போட்டுத்தான் கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஓம்.

பசிக்குதோ என்று ஒருநாளாவது கேட்டாயா என்கிறீர்கள். இல்லை. எதற்குக் கேட்பது? அதற்கும் ஓம் என்றுதானே சொல்லியிருப்பாள்.