சம்பங்கி மிதிக்காத மூலை

– அந்த மூலையத்தான் சொல்றேன் தம்பி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து மூலை. அங்க போனா மட்டும்தான் சம்பங்கி நின்னுக்கறா. மத்த மூணு மூலையும் கண்ண மூடிக்கிட்டுப் போறா.

– மாதேஸ்வரிக்கா, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம். குதிரைன்னா அப்படித்தான்க்கா. தொட்டித் தண்ணியில வெளிச்சம் ஆடும், அதப் பாத்து பயந்திருக்கும். நான் வீடியோல பாத்திருக்கேன், ஒரு குதிரை பால் கவரப் பாத்துட்டு ரோட்டுக்கே ஓடிருச்சு.

– வீடியோ குதிரையப் பத்தி எங்கிட்ட சொல்லாத சாமி. பெங்களூர் ரேஸ்ல ஓடிட்டு வந்தவ இவ. இந்த ரைடிங் ஸ்கூல்ல ஏழு வருசமா நான்தான் புல்லு போடறேன், நான்தான் லத்தி அள்றேன். பக்கத்துல பட்டாசு போட்டாக்கூட காத மட்டும் ஆட்டிட்டு நிப்பா. வெளிச்சம் ஆடுச்சாம்.

– சரிக்கா, சரி. கோவப்படாதீங்க.

– பத்து மணிக்கு அவள ஏத்திட்டுப் போக வண்டி வருது. இப்ப ஒம்பதேகாலு. இந்தா கடப்பாரை. நீ போட்ட தரை, நீயே தோண்டு.

– தோண்டறதா! அக்கா, இது என்னன்னு நெனச்சீங்க, கேக் மாதிரிக்கா இது! நூத்தி முப்பதுக்கு அறுபத்தஞ்சு அடி. அடியில ஜல்லி, ரோலர் ஓட்டி இறுக்குனது. அதுக்கு மேல துணி, மண்ணு மேல வராம. அதுக்கு மேல நாலு இஞ்ச் கழுவுன சிலிக்கா மணல், அதுல கார்பெட் கம்பெனி வேஸ்ட் நார் கலந்து. பேசிக்கா என்ன மேட்டர்னா, குதிரை கால வெச்சா அமுங்கணும், ஆனா புதையக் கூடாது. எடுத்தா ஸ்பிரிங் மாதிரி எழும்பணும். ஓசூர்ல யாருக்குக்கா இது தெரியும்? நான் ஒருத்தன்தான்!

– நல்லாத்தான் பேசற. மத்த மூணு மூலை நீ சொன்ன மாதிரியேதான் இருக்குது. நான் நடந்து பாத்தேன்.

– நடந்தீங்களா? எப்ப?

– நேத்து மழை உட்ட பொறகு. செருப்பக் கழட்டி வெச்சுட்டு, சுத்தி நாலு தரம். மூணு மூலையில பாதம் மெத்துன்னு போயி மெத்துன்னு வருது. இங்க வந்தா மேல மட்டும் மணலு. ரெண்டு வெரல் ஆழத்துல பாதம் சறுக்குது. சோப்பு மேல நிக்கற மாதிரி. வெறுங்கால்ல நானே உழப் பாத்தேன், நாலு லாடத்தோட அவ என்னா பண்ணுவா?

– தண்ணி நின்னிருக்கும்க்கா.

– தோண்டு.

– அக்கா, மத்த ரெண்டு குதிரையும் இந்த மூலையில போவுதே?

– அதுங்க மட்டக் குதிரைங்க. பாப்பாங்கள வெச்சுகிட்டு ஆடி அசைஞ்சு போவும். இவ ஓடுவா. ஓடறவளுக்குத்தான் தெரியும். நீ தோண்டறியா, நான் தோண்டட்டுமா?

– குடுங்க, குடுங்க. தோண்டறேன்.

– நல்லா எறக்கு. ம்... இன்னும். பாரு. என்னா இது, கருப்பா வருது?

– ஈரம்க்கா. ஈரமானா மணல் கருக்கும்ல.

– வெள்ளை மணலு ஈரமானா கரியாட்டம் ஆவுமா? கையில எடு. உருட்டு. உருண்டை புடிக்குது பாரு, மணலு உருண்டை புடிக்குமா? மோந்து பாரு.

– என்னக்கா மோந்தெல்லாம்...

– எனக்கு மோக்கவே வேணாம், நின்ன எடத்துலயே வருது வாசன. எங்க ஊட்டுக்காரரு சட்டையில வர்ற வாசன இது. பதினாலு வருசமா தொவைக்கறேன், எத்தினி சோப்பு போட்டாலும் போவாது. ஃபவுண்ட்ரியில இரும்பு ஊத்தற அச்சு மணலு. பெட்டியில இருந்து ஒடச்சு கொட்டுவாங்களே, அது. ஆமாவா, இல்லையா?

– இருங்கக்கா, கைய தொடச்சுக்கறேன்.

– வாயத் தொறந்தா மூட மாட்ட. இப்ப என்னாச்சு?

– ஆமாக்கா.

– சாமி...

– கேளுங்கக்கா, முழுசா கேளுங்க. ஒரே ஒரு லோடு பத்தல. ஆந்திராவுல இருந்து வர்ற மணல், லாரி நாலு நாள் லேட்டுன்னுட்டான். ஸ்கூல் ஓனரு அசோக்குமார் சார் இந்தப் புதுத் தரை தொறப்பு விழாவுக்கு கார்டே அடிச்சுட்டாரு. இந்த ஒரு மூலைதான் பாக்கி. ஃபவுண்ட்ரியில மலை மாதிரி கொட்டி வெச்சிருந்தாங்க, எடுத்துட்டுப் போனா போதும்னு நின்னாங்க. அதுவும் சிலிக்காதான்க்கா! பேசிக்கா அதே மணல்! எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா, அடடா, குப்பைக்குப் போற மணல்ல குதிரை ஓடப்போவுதுன்னு ராத்திரி தூக்கமே வரல. கீழ அதப் போட்டு மேல நல்ல மணல் ரெண்டு இஞ்ச். பாக்க ஒரு வித்தியாசமும் தெரியல.

– பாக்கறவங்களுக்கு.

– அச்சு நிக்கணும்னு அதுல களிமண் கலந்திருப்பாங்கல்ல, அத மட்டும் நான் யோசிக்கல. ஈரம் பட்டா வழவழன்னு ஆவுது. காஞ்சா ஓடு மாதிரி கெட்டியாவுது. மொத மழையில தெரிஞ்சிருச்சு.

– மொத மழை எப்ப?

– ஆடி கடைசியில.

– இப்ப என்னா மாசம்?

– ...புரட்டாசி.

– ஒண்ணரை மாசமா உனக்குத் தெரியும்.

– சரி பண்ணிரலாம்னுதான்க்கா...

– அந்த மொத மழைக்கு அடுத்த நாளுதான் இவளுக்குப் பின்னங்காலு சறுக்குச்சு. நான் பாத்துகிட்டே நிக்கறேன். எந்திரிச்சா, ஒடம்ப ஒதறுனா, அதுக்கப்புறம் அந்த மூலைய மிதிக்கல. மிதிக்க மாட்டேன்னா மாட்டேன்தான். ஓட்டக் கத்துக்குடுக்கற மாஸ்டரு குச்சியில அடிச்சாரு. முந்தாநேத்து சனிக்கிழமை, கத்துக்க வர்ற நிகத் பாப்பாவ மேல ஒக்கார வெச்சு, இன்னிக்கு இத அடக்காம உடறதில்லன்னு அடி மேல அடி. அவளும் எத்தினி பொறுப்பா? ரெண்டு கால்ல நின்னுட்டா. பாப்பா பின்னாடி உழுந்து தோள்பட்டை எலும்பு ஒடஞ்சு போச்சு. பதினோரு வயசுப் பொண்ணு தம்பி.

– எனக்குத் தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்தேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன்.

– ஆப்பிளு.

– அக்கா, ப்ளீஸ்.

– அந்தப் பாப்பா எங்கிட்ட என்னா கேட்டுச்சு தெரியுமா? ஆன்ட்டி, சம்பங்கிக்கு என் மேல என்ன கோவம்னு கேக்குது. நான் என்னா சொல்றது? சாரு குதிரைங்க கணக்குப் பொஸ்தகத்துல எழுதிட்டாரு. மொரட்டுக் குதிரை, ஆளத் தள்ளும்னு. அந்த எழுத்தோடதான் விக்கறாரு. கனகபுரா பக்கம் யாரோ. அந்தப் பேரோட போனா அங்க மொத நாளே கையில குச்சியோடதான் நிப்பாங்க. பத்தொம்பது வயசாவுது அவளுக்கு, குதிரைக்கு அது கெழ வயசு. இனிமே புது ஆளுங்ககிட்ட அடி வாங்கி, அவ யாருன்னு அவங்க கத்துக்கறதுக்குள்ள...

– அப்படியெல்லாம் ஆவாதுக்கா.

– ஃபோன எடு. சாருக்குப் போடு.

– மீட்டிங்ல இருப்பாரு, எடுக்க மாட்டாரு.

– வாய்ஸ் அனுப்பு. நான் நேத்தே சொல்லிட்டேன், தரையிலதான் என்னமோ இருக்குது சார்னு. மாதேஸ்வரி, உனக்கு குதிரை மேல பாசம், அதனால அப்படித் தோணுதுன்னு சிரிச்சாரு. லத்தி அள்றவ சொன்னா பாசம். நீ சொன்னா இஞ்சினியரு சொல்றது. சொல்லு.

– சொல்றேன்க்கா. சொல்றேன். இருங்க... “சார் வணக்கம், ஜெகதீஷ் பேசறேன். அந்தத் தொட்டி கார்னர்ல சின்னதா ஒரு...”

– சின்னதான்னு சொல்லாத.

– “...கார்னர்ல ஒரு இஷ்யூ...”

– இஷ்யூ இல்ல. கருப்பு மணலு போட்டேன், குதிரை மேல தப்பில்லன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை.

– அக்கா, அப்படி பொட்டுன்னு போட்டு ஒடச்சா என் பேரு என்னாவுறது? ரெண்டு வருசமா நாய் மாதிரி அலைஞ்சு கத்துக்கிட்டேன்க்கா. எங்கப்பா பேக்டரியில சொல்லி வெச்ச வேலைய வேணாம்னுட்டு வந்தேன். மூக்கண்டப்பள்ளியில எங்க லைன் வீடுங்க பூரா சிரிச்சாங்க, குதிரைக்கு மெத்தை போடறவன் வரான்னு. ஓசூர்ல குதிரைத் தரை போடறவன் நான் ஒருத்தன்தான்...

– ஒருத்தனே போதும் சாமி. ரெண்டு பேரு தாங்க மாட்டோம்.

– நக்கல் பண்ணாதீங்க. ஐடியா! கேளுங்க, இந்த மூலைய மட்டும் நோண்டி எடுத்துட்டு, துணிய மாத்திட்டு, ஒரு லோடு நல்ல மணல். ரெண்டே நாள் வேலை! நாரு எங்கிட்டயே மூணு மூட்டை கெடக்குது. அதுக்கப்புறம் இதுல ஓட விட்டுப் பாருங்க, பறக்கும்!

– ரெண்டு நாள் வேலைய ஒண்ணரை மாசமா ஏன் செய்யல?

– ...தோண்டுனா கருப்பு வெளிய தெரியும்லக்கா.

– அப்ப அவ போனாலும் தெரியாது. மட்டக் குதிரைங்க ஊந்துகிட்டு கெடக்கும். ஒருநாளு அதுல ஒண்ணு சறுக்கும். அதையும் பொஸ்தகத்துல எழுதுவாங்க.

– அனுப்பறேன்க்கா. சத்தியமா. வார்த்தைய கொஞ்சம் செட் பண்ணிக்கறேன், அவ்வளவுதான்.

– ஆரன் சத்தம். வண்டி வந்துருச்சு.

– ஒம்பது நாப்பதுதான ஆவுது?

– அனுப்பிட்டியா?

– டைப் பண்றேன், டைப் பண்றேன்.

– மாதேஸ்வரிம்மா யாரு? அஸ்லாம் டிரான்ஸ்போர்ட்டு வண்டிம்மா, என் பேரு தஸ்தகீர். குதிரை ஒண்ணு ஏத்தணும்னாங்க. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன், கெலமங்கலம் ரோட்டுல இன்னிக்கு கூட்டமே இல்ல.

– நான்தான் பாய். அஞ்சு நிமிசம் நில்லுங்க. இந்தத் தம்பி சாருகிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டா நீங்க வெறும் வண்டியோடவே திரும்பலாம்.

– எந்தத் தம்பி? அட, நீங்க ஜெகதீஷ் தானே? கொரல வெச்சே புடிச்சுட்டேன்! ஃபோன்ல மூச்சு உடாம பேசுனீங்களே. பின்பக்க கேட்டு, சரிவுப் பலகை கண்டிப்பா வேணும், உள்ள வைக்கோல் பரப்பி வைங்கன்னு. எல்லாம் வெச்சிருக்கேன் தம்பி, வந்து பாருங்க.

– பாய், அது... அப்புறம் பேசலாம் பாய்.

– ஃபோன் பண்ணது இவனா? எப்ப பண்ணான்?

– போன புதன்கிழமைம்மா. மொதல்ல ஒரு வாரம் கழிச்சுன்னாரு, அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் கூப்ட்டு திங்களே வாங்கன்னுட்டாரு. ஏன்மா, எதாவது தப்பா சொல்லிட்டனா?

– இல்ல பாய். நீங்க பலகைய எறக்குங்க.

– அக்கா...

– பாப்பா உழுந்தது சனிக்கிழமை. நீ வண்டி சொன்னது அதுக்கு முன்னாடி, புதன்கிழமையே.

– நான் எல்லாத்தையும் சொல்றேன்க்கா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

– பேசாத. சாரு சொல்லாம வண்டிய நிறுத்த எனக்கு ஏது அதிகாரம். அவ வேற யாரு கூப்ட்டாலும் வர மாட்டா. நானே ஏத்திட்டு வரேன். ... பா கண்ணா. பா பா. வாம்மா, வா. இங்க பாரு, வைக்கோலு. ஹான். அவ்வளவுதான்.

– அட, ஒண்ணுமே பண்ணலையேம்மா! மொரட்டுக் குதிரை, ரெண்டு ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி உட்டாங்க. ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுது.

– பலகை கெட்டியா இருக்குதுல்ல பாய். அதான் ஏறறா.

– சரிம்மா. நான் கதவ மாட்டறேன்.

– இடது பக்கம் கயிறு கட்டாதீங்க, தழும்பு இருக்குது. தண்ணி பக்கெட்டுல காட்டுனா குடிக்க மாட்டா, கையில அள்ளிக் காட்டணும். அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க. அடிக்க வேணாம்னு சொல்லுங்க.

– சொல்றேன்மா. கண்டிப்பா சொல்றேன். கெளம்பறேன்.

– மெசேஜு போச்சா தம்பி?

– அழிச்சுட்டேன்க்கா. இனிமே எதுக்கு, வண்டிதான் போயிருச்சே.

– ஏன்டா?

– அக்கா, அழாதீங்க. அழாம கேளுங்க, கேட்டா நீங்களே சிரிப்பீங்க. கனகபுரால தொறக்கறது புது ரைடிங் ஸ்கூல். இதவிட ரெண்டு மடங்கு தரை. போடறது யாரு? நான்! சம்பங்கிய வாங்கிக்கங்கன்னு அவங்ககிட்ட சொன்னதும் நான்தான், வித்துருங்கன்னு சார்கிட்ட சொன்னதும் நான்தான். யோசிச்சுப் பாருங்கக்கா, லெவல் மெஷின் வெச்சுப் பாத்தேன், காட்டல. மாஸ்டர் கண்ணுக்குத் தெரியல. தரையில தப்பு எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்தது அவ ஒருத்திதான்! அங்க ஒவ்வொரு மூலை போட்டதும் மொதல்ல அவளத்தான் ஓட விடுவேன். எங்க சறுக்குதோ, எங்க நிக்கறாளோ, அங்க தோண்டிருவேன். பசங்க ஏர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்! செம ஐடியால்ல? நீங்க என்னக்கா நெனைக்கறீங்க?